ஒப்பாரிக்குச் சிரித்தவர்கள்

என் மாமியார் இறந்த அன்று என் மனைவி அழவில்லை. பெற்ற தாய் போன அன்று கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அவள் அழாமல் போனதற்கு நான்தான் காரணம். அதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். வண்டி உதிரி பாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, மேலே எண் எழுதி அனுப்ப வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவன் நான்.

ஆனால் காது சும்மா இருக்காது. எங்கள் லைனில் ஒருவர் தெலுங்கில் கணக்குப் போட்டுக் கன்னடத்தில் திட்டித் தமிழில் மன்னிப்புக் கேட்பார். தெற்கேயிருந்து வந்தவர்கள் ஒரு மாதிரி இழுப்பார்கள், சேலத்துக்காரர் ஒரு மாதிரி. யார் எதைச் சொன்னாலும் சொன்ன மாதிரியே எனக்குள் தங்கிவிடும். கிழிந்த அட்டைத் துண்டுகளில் அதை எழுதிவைப்பேன். ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்த பிறகு ஊழியர்கள் ஒரு நாடகம் போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். ஒரு வருஷம் அந்த அட்டைத் துண்டுகளை வைத்து நான் ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தேன். நடிக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெண் வேஷம் போட வேண்டியவருக்கு அன்று காலையில் காய்ச்சல் வந்துவிட்டது. வசனம் முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று பிடித்துச் சேலையைச் சுற்றிவிட்டார்கள். முகத்தில் பவுடர் ஏறியதும் என்னிடமிருந்த ஏதோ ஒன்று கழன்றுகொண்டது. அந்தச் சேலைக்குள் நின்றுகொண்டு இருநூறு பேர் முன்னால் கத்தினேன், சண்டை போட்டேன், புரண்டேன். கன்னடக்கார சூப்பர்வைசர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேலையை அவிழ்த்த பிறகு அவர் வந்து கை கொடுத்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து பதினைந்து வருஷம் எனக்கு இரண்டு பிழைப்பு.

எங்கள் லைனில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். அவர்தான் பின்னால் யூடியூப் சேனல் தொடங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உத்தனப்பள்ளி ரோட்டோரம் ஏதாவது தக்காளித் தோட்டத்திலோ அவர் குடியிருந்த லைன் வீட்டு வாசலிலோ செல்போனை நிறுத்திவைத்து எடுப்போம். நான் எழுதி நான் நடிப்பேன். அவர் எடுத்து, வெட்டி, ஒட்டிப் போடுவார். என் கையெழுத்தும் பிழையும் எனக்கு வெட்கமாக இருக்கும். பேப்பரை மடித்து மடித்துக் கொடுப்பேன்.

"அண்ணே, பிழையை விடுங்க. கேமராவுக்கு என்ன, எழுத்துக்கூட்டி வாசிக்கவா தெரியும்?" என்பார்.

சினிமாவுக்கும் போனேன். ஒரு படத்தில் டீக்கடைக்காரன் வேஷம், இரண்டு வரி வசனம். அந்தப் படம் ஓசூருக்கு வந்தபோது மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். டீக்கடை வந்தது, கதாநாயகன் வந்தான், கிளாஸை நீட்டும் ஒரு கை வந்தது, காட்சி முடிந்துவிட்டது. நான் சீட்டுக்குள் ஒடுங்கிப்போனேன். மாமியார் பக்கத்துச் சீட்டுக்காரியைத் தட்டி, "அது எங்க மாப்ள முழங்கைதான். கஞ்சி கொட்டின தழும்பு தெரிஞ்சுது பாருங்கோ" என்றார்.

வேறு இரண்டு படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதிக் கொடுத்தேன். திரையில் என் பெயர் வரவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு முறையாவது பெயர் வந்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

மாமனார் வீடு வேப்பனப்பள்ளி பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், வெளியே தமிழ், மாங்காய் வியாபாரம் கன்னடத்தில் நடக்கும். மாமனார் ஒரு நாள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே விழுந்து இறந்துபோனார். அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் மாமியார் உட்கார்ந்து குரல் எடுத்தார். மற்ற பெண்கள் தங்கமே, சிங்கமே என்று பாடுவார்கள். அவர் அப்படிப் பாடவில்லை. உயிரோடு இருப்பவரிடம் சண்டை போடுகிற மாதிரி ராகத்தில் கேட்டார்.

"நன்னு விடிசி போயினாவே, என் ராசா… மோட்டார் ஸ்டார்ட்டரு உன் கைக்குத்தான ஓடும், நான் தொட்டா ஷாக் அடிக்குமே, சொல்லிக் குடுக்காம போயிட்டியே… ரேஷன் கார்டை எந்த டப்பாவுல வச்ச, எழுந்து சொல்லிட்டுப் படு… மாங்கா வியாபாரி வந்து நிப்பானே, எனக்குக் கன்னடம் வருமா, நானேன் மாட்லி, நானேன் மாட்லி…"

என்னை விட்டுப் போனாயே என்று தெலுங்கில் தொடங்கி, கன்னடம் வராது என்று தமிழில் சொல்லி, நான் என்ன செய்வேன் என்று கன்னடத்திலேயே முடித்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். என் மனைவி அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டுச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே இருந்தபோதுதான் என் காது வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு வரி விடாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்து அதை எழுதினேன். சாவு வீட்டில் அழும் ஒரு பெண்பிள்ளை. சேலை கட்டிக்கொண்டு நானே நடித்தேன். வார்த்தையை நான் மாற்றவில்லை, ராகத்தையும் மாற்றவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் உச்சத்துக்குப் போய்விட்டு, சட்டென்று நிறுத்தி, தலையைத் தூக்கி, பக்கத்தில் சாதாரணக் குரலில் கேட்பாள்: "டீ வந்துச்சா?"

அந்த ஒப்பாரியில் நான் எழுதியது அந்த ஒரு வரிதான். அந்த வரிதான் ஓடியது. ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறினால் யாராவது "நன்னு விடிசி போயினாவே" என்பார்கள், பின் சீட்டிலிருந்து இன்னொருவன் "டீ வந்துச்சா?" என்பான். கேன்டீன் வரிசையில் அதுதான் பேச்சு. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் என் முகம் பார்த்து ஒருவன் அதைச் சொல்லிக் கும்பிட்டான். எழுதியவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அப்போது இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

மாமியாருக்கு மச்சான், என் மனைவியின் தம்பி, போனில் போட்டுக் காட்டிவிட்டான். நான் அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாட்டுக்கொட்டகைப் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தேன். அவரே வந்தார்.

"ஏமி மாப்ள, நான் அன்னைக்கு டீ கேக்கவே இல்லியே."

நான் மாட்டுக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"கேட்டிருக்கலாம். காலையிலருந்து தொண்டை காஞ்சிதான் போச்சு. ஒரு நாயும் குடுக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மனைவியிடம் போய், "அம்மாவே சிரிச்சிட்டாங்க" என்றேன்.

"எங்கம்மா சிரிச்சிட்டாங்கோ. நான் சிரிக்கலியே" என்றாள். பிறகு, "உங்களுக்கு அது டயலாக்கு. எனக்கு எங்கப்பன் பொணம்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. பேசாமல் விட்டதால் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. கிருஷ்ணகிரியில் சேர்த்தார்கள். இரண்டே நாள். நாங்கள் ஓசூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தது, நாற்காலிகள் வந்திருந்தன. எங்கள் பக்கம் தாய் இறந்தால் மகள்தான் முதலில் குரல் எடுக்க வேண்டும். அவளுக்காக எல்லாப் பெண்களும் காத்திருந்தார்கள்.

என் மனைவி ஓடிப்போய் அம்மாவின் மேல் விழுந்தாள். அவளுக்கு வேறு ஒப்பாரி தெரியாது. அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். அதே ராகத்தில்தான் குரல் வந்தது.

"நன்னு விடிசி போயினாவே, எம்மா…"

பந்தலுக்குள் நாற்காலியில் இருந்த பையன்களில் ஒருவன் சொன்னான்: "டீ வந்துச்சா?"

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. எத்தனையோ முறை கேட்டுப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் பக்கத்திலிருந்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது அடுத்தவனுக்குத் தொற்றியது. பெண்கள் பக்கத்திலேயே ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளும் அழ வந்தவள்தான்.

என் மனைவி நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் இல்லை. தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் பந்தல் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதைத்தான் செய்தேன். இருநூறு பேர் முன்னால் புரண்டவன், அவள் ஒருத்தியின் பார்வைக்கு முன்னால் வந்து நிற்கவில்லை.

அவள் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். அவளுடைய சின்னம்மா பின்னாலேயே ஓடினார்.

"அழுதுடு மே. நெஞ்சுல வச்சிக்காத."

"குளிப்பாட்டத் தண்ணி பத்தாது சின்னம்மா" என்றாள்.

மாலை வரை தண்ணீர் சுமந்தாள். தூக்கும் நேரத்தில்கூட மாட்டுக்கொட்டகையில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். "பொண்ணு கல்லு மாதிரி இருக்குறாளே" என்று ஒரு கிழவி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

ஓசூர் வந்த பிறகு என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போகும்போது டப்பாவைக் கையில் கொடுத்தாள். பாத்திரம் தேய்க்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பாள் முன்பெல்லாம். அது நின்றுவிட்டது. ஒரு முறை டிவியில் யாரோ அழுதார்கள். எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் சேனல் தம்பியிடம் போய் அதை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். உடனே எடுத்துவிட்டார்.

"நம்ம எடுத்துட்டோம்ணே. ஆனா ஊருக்குள்ள எத்தன போன்ல கெடக்கோ" என்றார்.

அப்போதுதான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் உதவி இயக்குநர்.

"அண்ணா, உங்க 'டீ வந்துச்சா' சீனைப் பார்த்துட்டு டைரக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். படத்துல பெரிய சாவு வீட்டு சீன் இருக்கு. நீங்களே எழுதி நீங்களே நடிக்கணும். வசனத்துல உங்க பேர் போடறோம்."

பதினைந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனது வரவில்லை. பழக்கத்தில் "சரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

"நீ என்னா சொல்ற?"

"நான் என்னாத்த சொல்றது? நான் வாயத் தெறந்தா டீ வந்துச்சான்னு கேப்பாங்கோ."

கையில் எடுத்த அவரைக்காயின் நாரை உரித்து முடித்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மாவுக்கு அழுவறதுக்கு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதாங்க" என்றாள்.

நான் சென்னைக்குப் போகவில்லை. வரமாட்டேன் என்று சொல்லும் தைரியமும் இல்லை. லைனில் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அதிரும். அதிரட்டும் என்று பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன். நாலு நாளில் நின்றுவிட்டது. வேறு ஒரு நடிகரை வைத்து எடுத்தார்கள். வார்த்தை எல்லாம் அப்படியே இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"அண்ணா, உங்க சீனைச் சுட்டுட்டானுங்க. சும்மா வுடாதீங்க, கேஸ் போடுங்க" என்று லைனில் கொதித்தார்கள்.

முதலில் எடுத்தவன் நான். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

வருஷ திதி வந்தது. எங்கள் பக்கம் அன்று படையல் போடுவதற்கு முன்னால் பெண்கள் எல்லாரும் நடுவீட்டில் கூடிக் கடைசியாக ஒரு முறை அழுவார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தச் சாவுக்கு ராகம் போட்டு அழும் வழக்கம் இல்லை. அன்றும் அவள் அழாவிட்டால் தன் தாய்க்கு அவள் அழவே இல்லை என்று ஆகிவிடும். பஸ்ஸில் படையலுக்கு வாங்கிய புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வேப்பனப்பள்ளி வரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. இதுதான் கடைசி என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

போய்ப் பார்த்தால் அதே வாசல், அதே நாற்காலிகள், அதே பையன்கள். சொந்தக்காரப் பிள்ளைகள், கம்பெனி வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள். கையில் போன். உள்ளே பெண்கள் வட்டமாக உட்காரத் தொடங்கிவிட்டார்கள். சின்னம்மா இடம் ஒதுக்கிக் கூப்பிட்டார். என் மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவில்லை. பையன்களைப் பார்த்தாள். பிறகு குடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

குடத்தை அவள் பார்த்ததை நான் பார்த்தேன். போன முறை போலப் பின்னால் போய் நின்றுவிடுவேனோ என்று என் மேலேயே பயம். வாசலுக்கு நடுவில் போனேன். பவுடர் இல்லை, சேலை இல்லை. குரல் ஒழுங்காக வரவில்லை.

"தம்பிங்களா, எல்லாரும் தோப்புக்கு வாங்க. ஒண்ணு நடிச்சிக் காட்டறேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திதி வீட்டில் இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள். மச்சான் மட்டும் என்னைப் பார்த்தான், நிலைப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தான். "டேய் எழுந்திருங்கடா, மாமா கூப்புடறாரு இல்ல" என்று அவர்களை ஓட்டிக்கொண்டு வந்தான்.

தோப்பின் அந்தக் கடைசிக்குக் கூட்டிப்போனேன். வீடு மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும் இடம்.

"அண்ணா, டீ வந்துச்சா போடுங்கண்ணா!"

"அது இல்ல. அது இனிமே இல்ல" என்றேன்.

வேறு எதுவும் எழுதி எடுத்துப் போகவில்லை. என்னைப் பற்றியே சொன்னேன். இந்த வீட்டுக்கு நான் பெண் பார்க்க வந்த கதை. பெண்ணை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, அவளுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த எருமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்திருக்கிறதா என்று மாமனார் கேட்டபோது எருமையைப் பார்த்தே தலையாட்டினேன். உள்ளேயிருந்து மாமியார், "மாப்ளைக்கு எருமை புடிச்சிருக்குது, சரி. பொண்ணு புடிச்சிருக்குதான்னு கேளுங்கோ" என்று குரல் கொடுத்தார். அதை நடித்தேன். நான் நானாக, மாமனாராக, எருமையாக. மாமியாராகப் பேசும் இடம் வந்தது. அதையும் விடவில்லை. எருமை என்னை வேண்டாம் என்று சொன்ன மாதிரி புதிதாக ஒன்றைச் சேர்த்து இழுத்தேன். பையன்கள் மண்ணில் புரண்டார்கள். அவர்கள் நிறுத்தினால் வீட்டுப் பக்கமிருந்து ஏதாவது கேட்டுவிடும். நிறுத்த விடாமல் அடுத்ததற்குப் போனேன். என் காதுக்கும் எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் அத்தனை சத்தம் போட்டேன்.

சாப்பிடக் கூப்பிட்டு ஆள் வரும்வரை நடித்தேன். சட்டை நனைந்துவிட்டது. திரும்பி வந்தபோது படையல் முடிந்திருந்தது. பெண்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா என்னைக் கடந்து போனார். அவள் என்ன சொல்லி அழுதாள், அம்மாவின் வரிகளைச் சொன்னாளா, சொந்தமாக ஏதாவது வந்ததா, எனக்குத் தெரியாது. இதுவரை நான் கேட்கவும் இல்லை.

இலை போட்டார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். என் மனைவி சோற்றுக் குண்டானோடு வரிசையில் வந்தாள். இமை தடித்திருந்தது. என் இலைக்கு வந்ததும் ஏதோ கேட்டாள், காற்று மட்டும்தான் வந்தது. குரல் சுத்தமாகப் போயிருந்தது. போடட்டுமா என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். தலையாட்டினேன். இரண்டு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.